யசிந்தா கருவாடு

ஒழுங்கையில் வான் வண்டியொன்று வந்து நின்ற சத்தம் கேட்டதும், யசிந்தா வெள்ளைச் சேலையின் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை. கருவாட்டுப் பைக்கற்றுகளில் அச்சிட்டிருந்த அதே சோகமான முகம்.

வண்டியிலிருந்து இறங்கிய இராசமலருக்கு அறுபது வயதிருக்கும். ரொரன்ரோவிலிருந்து வந்திருந்தார். 'யசிந்தா கருவாடு' பேஸ்புக் பக்கத்தில் ஒரு வீடியோவைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஊருக்கு வந்தால் குருநகருக்குப் போய் இவளை ஒருதரம் நேரில் பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"பிள்ளை..." என்று கட்டிப்பிடித்தவர் அப்படியே அழத் தொடங்கிவிட்டார்.

பக்கத்தை நடத்துகிற ஜெயசுதன் போனைத் தூக்கிப் பிடித்தான். "அழுங்கோ அன்ரி, பரவாயில்லை. மனசில இருக்கிறதை அப்பிடியே சொல்லுங்கோ. உண்மையாக் கதைச்சால்தான் சனம் நம்பும்."

"என்ரை மனுசன் செத்தாப்பிறகு நான் கட்டிலை விட்டு எழும்பேல்லை பிள்ளை. சமைக்கேல்லை, ஆரோடையும் கதைக்கேல்லை. அப்பதான் மகள் உன்ரை வீடியோவைக் காட்டினவள். கடலுக்குப் போன மனுசன் திரும்பி வரேல்லை, அவரின்ரை கத்தியை நான் கையில எடுத்தனான் எண்டு சொன்னியெல்லே? அண்டைக்குத்தான் நான் எழும்பி உலை வைச்சனான்."

யசிந்தா நிலத்தைப் பார்த்தாள். "இருங்கோ அன்ரி, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

முற்றத்தில் லெனாட் பாரை மீன்களைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தான். இராசமலர் அவனருகே போய் நின்றார்.

"தம்பி, நீர் இஞ்சைதான் வேலையோ?"

"ஓம் அம்மா."

"கடலுக்குப் போறேல்லையோ?"

"முந்திப் போனனான். இப்ப இல்லை."

"இவளின்ரை மனுசனை உமக்குத் தெரியுமோ?"

லெனாட்டின் கை நின்றது. "தெரியும்."

"எப்பிடி ஆள்?"

"பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை அம்மா. பெண்சாதியும் பிள்ளையும் பசி கிடக்கக் கூடாது. அது ஒண்டுதான் அந்தாளுக்கு."

இராசமலர் மூக்கை உறிஞ்சினார். கதவோரம் நின்ற யசிந்தாவின் மகள் ஜெனிற்றாவைக் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து சொக்லேற் ஒன்றை நீட்டினார். சிறுமி வாங்கவில்லை. திரும்பி லெனாட்டைப் பார்த்தாள். அவன் தலையசைத்த பிறகுதான் கையை நீட்டினாள்.

"அப்பான்ரை முகம் ஞாபகமிருக்கோ குஞ்சு?"

சிறுமி உதட்டை இறுக்கிக்கொண்டாள். தேநீரோடு வந்த யசிந்தா அவசரமாகச் சொன்னாள். "அவள் அப்ப நல்லாச் சின்னன், அன்ரி."

"பாவம். அவரின்ரை படத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டுப் போறன் பிள்ளை."

"படம்... இல்லை அன்ரி. பிள்ளை பார்த்தால் ஏங்கிப்போவாள் எண்டு கழட்டி வைச்சிட்டன்."

இராசமலர் விடவில்லை. மாதா சுருவத்தின் முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் லெனாட்டை உள்ளே கூப்பிட்டார்.

"நான் சைவசமயம் தம்பி. செத்தவைக்கு உங்கடை முறையில எப்பிடிச் செபம் சொல்லுறதெண்டு தெரியாது. நீர் சொல்லும், நான் பின்னாலை சொல்லுறன்."

லெனாட் யசிந்தாவைப் பார்த்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயசுதனின் போன் மட்டும் அவன் பக்கம் திரும்பியது.

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து முழந்தாளில் நின்றான். இந்த வீட்டுக்காரனுடைய பாவங்களை மன்னித்து, அவன் ஆத்துமாவுக்கு இளைப்பாற்றியைத் தரும்படி ஆண்டவரை வேண்டினான். இராசமலர் ஒரு சொல்லும் விடாமல் பின்னால் சொன்னார். யசிந்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போகும்போது இராசமலர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். "ஸ்காபரோவில மகளின்ரை கடை இருக்கு. இனி அங்கை உன்ரை கருவாடு மட்டும்தான். சாமான் எப்பிடியெண்டு நான் பார்க்கமாட்டன் பிள்ளை. உன்னை நம்புறன், அது காணும்."

வான் புறப்பட்டது. ஜெயசுதன் எடுத்த வீடியோவை அங்கேயே நின்று ஓடவிட்டுப் பார்த்தான். அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"கோடி குடுத்தாலும் இப்பிடியொரு விளம்பரம் கிடையாது அக்கா. இண்டைக்கே போடுறன்." மோட்டார் சைக்கிளில் ஏறியவன் லெனாட்டைப் பார்த்தான். "செபம் நல்லா இருந்தது அண்ணை. ஆனால் உங்கடை முகம் விழுந்த இடத்தை வெட்டிப்போடுறன், குறை நினைக்காதேங்கோ."

லெனாட் முற்றத்துக்குப் போய் மீனின் முன்னால் குந்தினான். கத்தியை எடுத்தான், வெட்ட மனம் வரவில்லை. உள்ளே யசிந்தா அழுவது கேட்டது.

ஜெனிற்றா படலை வரைக்கும் ஓடிப்போய் ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருவருமில்லை. திரும்பி வந்து அவன் தோளில் சாய்ந்து, காதுக்குள் மெதுவாகக் கேட்டாள்.

"அவை போயிட்டினம். இனி உங்களை அப்பா எண்டு கூப்பிடலாமோ?"