தனியாக நிற்காத சொல்

பக்கவாதம் வந்தபின் பிலோமினா டீச்சருக்கு மிஞ்சியது ‘வெரி’ என்கிற ஒரே ஒரு சொல். முப்பது வருடம் ஆங்கில இலக்கணம் நடத்தியவர். ‘வெரி தனியாக நிற்காது, பின்னால் ஒரு சொல் வேண்டும்’ என்று சிவப்பு மையால் எத்தனை நோட்டுகளில் எழுதியிருப்பாரோ. பேச்சுப் பயிற்சி கொடுக்க நான் போகும்போதெல்லாம் அந்தப் பின்சொல்லை அவர் கணவர் செபஸ்தியான்தான் போடுவார்.

காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “வெரி” என்பார் டீச்சர்.

“சூடு,” என்று வாங்கி ஆற்றுவார் இவர்.

ஜன்னலைப் பார்த்து, “வெரி.”

“வெளிச்சம்,” என்று எழுந்துபோய்த் திரையை இழுத்துவிடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இதற்கென்றே படித்து வந்த எனக்கு அது பிடிபடவே இல்லை.

நேற்று செபஸ்தியான் டீச்சருக்குத் தலைவாரிப் பின்னி முடித்து, முன்னால் வந்து குனிந்து, கோணலாகிப்போன வகிட்டை நேராக்கினார். டீச்சர் விளங்கும் இடக்கையைத் தூக்கி அவர் கன்னத்தில் வைத்து, “வெரி” என்றார்.

செபஸ்தியான் சீப்பும் கையுமாக அப்படியே நின்றார். பின்சொல் வரவில்லை.

“என்ன சார் சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“அவ்ளோதாம்மா,” என்றார். “முழுசா சொல்லிட்டா.”