இரு வீட்டுக் கிணறு

“கல்லைப் புடுங்கி நட்டது இவன்தான் சார்! கையில மண்ணைக்கூட இன்னும் கழுவல, பாருங்க!” என்று அண்ணன் கத்தினார்.

“நீ மட்டும் ரொம்ப யோக்கியனோ? வேலிக்கம்பிய நகத்துனது யாரு, உன் மாமனாரா?” என்று தம்பி திருப்பிக் கொடுத்தார்.

நீதிமன்ற உத்தரவின்படி வந்திருந்த நில அளவர் நிமிர்ந்து பார்த்தார். “சண்டைய நிறுத்தச் சொல்லல. டேப் மேல நிக்காம போடுங்க, அது போதும்.”

இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு கீற்று நிலம். அதில், புதுத் தகரம் போட்டு மூடிய கிணறு. அந்த இடம் யாருடையது என்பதே வழக்கு. எல்லைக்கல் தம்பியின் சமையலறைச் சுவரை உரசியபடி ஈரமண்ணில் நின்றது. அண்ணனின் வேலியோ அவருடைய சொந்த ஜன்னலையே திறக்க விடாமல் நெருக்கிக்கொண்டிருந்தது.

“பாத்து அளங்க சார். தப்பாப் போச்சுன்னா என் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்.” அண்ணன் கெஞ்சினார்.

“ஆமா, என் குடும்பம் மட்டும் மாளிகைக்குப் போயிடும் பாரு!”

எதிர்வீட்டு வாசற்படியில் ஒரு பெண்மணி காலையிலிருந்து அசையாமல் அமர்ந்திருப்பதை அளவர் அப்போதுதான் கவனித்தார். “உங்களுக்கும் இதுல பங்கு உண்டாம்மா?” என்று மரியாதையுடன் கேட்டார்.

“பங்கெல்லாம் வேண்டாங்க. யாருதுன்னு தெரிஞ்சாப் போதும்.”

வெயில் ஏறியது. அளவர் மூலைக்கு மூலை அளந்தார். பழைய வரைபடத்துடன் ஒப்பிட்டார். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் அளந்தார். முடிவைச் சொல்லி அடி வாங்கிய அனுபவம் அவருக்கு உண்டு. ஆகவே சற்று விலகி நின்றே வாய் திறந்தார்.

“இந்த இடம் அண்ணனுக்கும் இல்ல, தம்பிக்கும் இல்ல. மனை பிரிக்கும்போது விட்டுப்போன துண்டு. எந்தப் பத்திரத்துலயும் வரல. சொந்தக்காரர்னு சொல்ல ஒருத்தரும் கிடையாது.”

அடி விழவில்லை. அண்ணன் கைகூப்பியவாறே தரையில் உட்கார்ந்துவிட்டார். பல ஆண்டுகளாக அவர் முகத்தையே பார்க்காதிருந்த தம்பி, ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு விம்மினார். அளவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வாசற்படியில் இருந்த பெண்மணி மெல்ல எழுந்து வந்தார். தகரத்தின் மேல் கைவைத்தபடி அளவரைப் பார்த்தார்.

“அப்போ, என் பொண்ணு விழுந்து செத்தது யாரு கிணத்துல சார்?”