பத்தில் ஒருவன்

வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பை முகத்தில் தேய்த்துக்கொண்டு நான் கால்வாய் ஓரத்து டீக்கடைக்குள் நுழைந்ததுமே துர்சுன் ஆரம்பித்துவிட்டான்.

"வாம்மா, பொண்ணு அலங்காரம் முடிஞ்சுதா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க!"

மரக்கட்டிலில் உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் உஸ்பெக் ஊர் மர்கிலானில் வெள்ளிக்கிழமை பிலாவ் சோற்றுக்குக் கூடும் ஆண்களிடம் கோபித்துக்கொண்டால் அப்புறம் பட்டினிதான்.

துர்சுன் கறிக்கடைக்காரன். எங்கள் தெருவிலேயே பெரிய வாய். நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கொஞ்சம் வெயிலில் நின்றாலும் மூக்கின் இரண்டு பக்கமும் நெருப்பாகச் சிவந்துவிடும்.

"ஷெராலி, உண்மையச் சொல்லு. உனக்கு என்னதான் வியாதி?"

"லூபஸ்."

"ரஷ்யாக்காரன் ஓநாய்னு பேர் வெச்சிருக்கானே, அதுவா? எங்க கடிச்சுது?"

"ஓநாய் இல்லடா, என் சொந்த நாய். கிருமி வந்தா விரட்ட உடம்புல ஒரு காவல் இருக்கில்ல? என் காவல் நாய்க்குப் புத்தி பிசகிடுச்சு. ஓநாயை விட்டுட்டு ஆட்டைக் கடிக்குது. ஒரு நாள் முட்டி, ஒரு நாள் தோல். ஒரு தடவை கிட்னி வரைக்கும் போயிடுச்சு."

"அடிச்சுத் துரத்து!"

"துரத்திட்டா மந்தைக்கு யாரு காவல்? ஆயுசு முழுக்கக் கட்டித்தான் வெச்சிருக்கணும். மாத்திரைதான் சங்கிலி. தினம் கோகந்து ஊர் வரைக்கும் வண்டி ஓட்டறேன், பாக்கறேல்ல? ஒட்டிக்கவும் ஒட்டிக்காது. பயப்படாம என் பக்கத்துலயே கை போட்டுச் சாப்பிடு."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை துர்சுன் மட்டும் சிரிக்கவில்லை.

கை கழுவப் போனேன். பின்னாலேயே வந்தான். கூஜாவை எடுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"ஷெராலி, இது... பொம்பளைங்களுக்கும் வருமா?"

வாய்விட்டுச் சிரித்திருப்பேன். இந்த நோய் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்தான். டாக்டர் வீட்டு வாசலில் மீசையோடு காத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"பொம்பளைங்களுக்குத்தான் வரும். எனக்கு வந்ததுதான் அதிசயம். யாருக்குடா?"

"காலையில விரல் மடங்கலைம்பா. மாவு பிசைய மாட்டா. பருத்தி எடுக்கப் போனா மூஞ்சி சிவந்து வந்து படுத்துக்குவா. சாக்கு சொல்றான்னு நெனச்சேன்."

அவன் மனைவி மவ்லூதா, உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாகத்தான் வசந்த காலத்திலிருந்து எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவளாப் போகல. நான்தான் கொண்டுபோய் விட்டேன். 'இந்தாங்க உங்க சோம்பேறி'ன்னு அவ அப்பா முன்னால சொல்லிட்டு வந்தேன்."

உள்ளே பிலாவ் கொப்பரையைத் திறந்துவிட்டார்கள். எங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"மூட்டு வலி எல்லாமே லூபஸ் இல்ல. ரத்தம் பாத்தாத்தான் தெரியும். இதுவாவே இருந்தாலும் வாழலாம், என்னைப் பாரு."

"கூப்பிட்டா வருவாளா?"

"உன் வீட்டுக்கா? அது அவ இஷ்டம். டாக்டர்கிட்ட வருவா. ஏறு வண்டியில."