எதிரணி பஸ்

“டிரைவர், வண்டிய ஏன் பின்னால எடுக்கறீங்க? மைதானம் முன்னால இருக்கு!”

கோச் தன் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

“பாலத்துல லாரி குடை சாஞ்சு கிடக்கு மேடம். முன்னால போனா விடிய விடிய ஹாரன் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்” என்ற டிரைவர், கண்ணாடியைப் பார்த்தபடியே பஸ்ஸைப் பின்னுக்குத் தள்ளினார்.

மணி மூன்று இருபத்தைந்து. நான்கு நாடுகள் மோதும் பெண்கள் கால்பந்துக் கோப்பைக்கு இன்றுதான் கடைசி ஆட்டம். பஸ்ஸுக்குள் இருந்த பதினெட்டு பேரும் விருந்தாளி அணி. எதிரில் ஆடப் போவது உள்ளூர்க்காரர்களின் நாட்டு அணி. விதி ரொம்பக் கறார். நாலே காலுக்குள் மைதானத்தில் நிற்காவிட்டால், ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள்.

இவர்கள் நாடு கடைசி ஆட்டம் வரை வந்ததே இதுதான் முதல் தடவை. வேலைக்குப் போகிற பெண்களை மூன்று வருஷமாக விடியற்காலையில் எழுப்பி, கெஞ்சி, திட்டி, அழவைத்து கோச் சேர்த்த அணி. எல்லாம் ஒரு லாரியால் மண்ணாகப் போகிறதே என்று அவளுக்கு எரிச்சல்.

அதைவிட எரிச்சல், டிரைவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த அவர் நாட்டுக் குட்டிக் கொடி.

கேப்டன் குனிந்து கோச்சின் காதைக் கடித்தாள். “அக்கா, இந்த ஆளு வேணும்னே சுத்தறாரு. நாம போய்ச் சேரலைன்னா கப்பு யாருக்கு? இவங்களுக்குத்தானே!”

கோச்சும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். யாருக்குத்தான் தோன்றாது?

“அண்ணே, உள்ளதைச் சொல்லுங்க. நீங்க யார் பக்கம்?”

“இதென்ன கேள்வி மேடம்? எங்க நாட்டுப் பக்கம்தான். இன்னைக்கு நீங்க தலைகீழா நின்னாலும் ஒரு கோல்கூட விழாது, எழுதி வச்சுக்கோங்க!”

பின் சீட்டிலிருந்து ‘ஓ’வென்று கூச்சல் கிளம்பியது. டிரைவர் அசரவில்லை. கிடங்குகளுக்கு நடுவே இருந்த ஒரு சந்துக்குள் பஸ்ஸை நுழைத்தார். பாதி தூரம்கூடப் போகவில்லை, குறுக்கே ஒரு சின்னக் கார் நின்றது. உள்ளே ஆளில்லை.

“முடிஞ்சுது போங்க! திட்டம் போட்டுக் கூட்டிட்டு வந்து நல்லா மாட்டி விட்டுட்டாரு” என்று கேப்டன் வெடித்தாள்.

டிரைவர் கீழே குதித்தார். “திட்டறதை எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்மா. பதினெட்டு பேர் இருக்கீங்க. இறங்குங்க, தூக்குங்க!”

“மேட்ச் நேரத்துல இடுப்பு பிடிச்சுக்கும்!”

“கிழவன் எனக்கே பிடிக்கல, உங்களுக்கா பிடிக்கப் போகுது? ஒண்ணு… ரெண்டு… தூக்கு!”

கார் சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. பஸ் மயிரிழையில் உரசாமல் தப்பித்து வெளியே வந்தது.

நாலு மணி ஐந்து நிமிஷம். மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. நடுவில் ரயில் பாதை. அதன் அடியில் இருந்த வழியோ ரொம்பத் தாழ்வு, பஸ் நுழையாது. கோச் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“உட்கார நேரமில்ல மேடம்! இதுக்குள்ள ஓடிப் படியேறினா மைதானம்தான். ஓடுங்க!”

சொன்னவர் சும்மா நிற்கவில்லை. பூட்ஸ் மூட்டைகள் இரண்டையும் எல்லோருக்கும் முந்தித் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பை குலுங்க முன்னால் ஓடினார். படிக்கட்டில் ஒரு தடவை தடுக்கி விழுந்தார். முழங்காலில் ரத்தம். துடைக்கக்கூட இல்லை. “நிக்காதீங்க! மூச்சை மெதுவா வாங்கிக்கலாம்!”

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பன்னிரண்டு.

“ஆடலாம்!”

பெண்கள் அவசர அவசரமாகப் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். கோச்சுக்கு இப்போதுதான் உயிர் வந்தது.

வாசல் காவலாளி டிரைவரைப் பிடித்துக்கொண்டார். “யோவ், உனக்கென்ன கிறுக்கா? மூணே மூணு நிமிஷம் லேட் பண்ணியிருந்தா கப்பு நம்ம கையில! எவனாவது எதிரணியைத் தோள்ல சுமக்காத குறையாக் கொண்டுவந்து விடுவானா?”

டிரைவர் மேல்மூச்சு வாங்கியபடி சிரித்தார். கோச்சுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே. மன்னிச்சுக்கோங்க அண்ணே. எங்களுக்காக உங்க நாட்டுக் கப்பையே…”

“உங்களுக்காகவா? நல்ல கதையா இருக்கே!” டிரைவர் எதிர்முனைக் கோல் கம்பங்களைக் காட்டினார். அங்கே ஒரு பெண் கையுறைகளைத் தட்டிக்கொண்டு நின்றாள். “அது என் பொண்ணு மேடம். ஆறு வருஷமா பெஞ்சைத் தேய்ச்சவளை இன்னைக்குத்தான் முதல் தடவையா இறக்கியிருக்காங்க. அடிக்க நீங்க வரலைன்னா, அவ எந்தப் பந்தைப் பிடிப்பா?”