மெதுவான மனைவி

டாக்டரின் அறைக்குள் நுழைந்ததுமே தையல்காரர் பொரிந்து தள்ளினார்.

"இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு டாக்டர். எதைச் சொன்னாலும் ஆடி அசைஞ்சுதான் செய்யறா. வீடு கொதிக்குது, இவ ஃபேனைக் குறைக்கறா. தைராய்டு குறைஞ்சா இப்படித்தான் மந்தமாயிடுவாங்கன்னு கடைக்கு வர்றவங்க சொல்றாங்க."

மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவரோ நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்.

"தூக்கம் எப்படி?" என்றார் டாக்டர்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறா. நான்தான் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டிருக்கேன்."

"சாப்பாடு?"

"கொறிக்கறா. நான் ரெண்டு மடங்கு சாப்பிட்டும் மூணு மாசத்துல எட்டு கிலோ இறங்கிட்டேன். எல்லாம் இவளோட மல்லுக்கட்டித்தான். நேத்து ஒரு கல்யாணக் கோட்டுத் துணியையே கோணலா வெட்டித் தொலைச்சேன்."

"கையை நீட்டுங்க."

மனைவி அசையவில்லை. அவருக்கு எரிச்சல் வந்தது. "சொல்றாருல்ல, நீட்டேன்."

"உங்க கையைத்தான் சொன்னேன்."

நீட்டிய விரல்கள்மேல் டாக்டர் ஒரு தாளை வைத்தார். அது படபடவென்று நடுங்கியது. பிறகு தையல்காரரின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்குதுன்னு நினைக்கறேன். அதான் இந்தப் படபடப்பும் கோபமும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். மருந்து இருக்கு, பயப்படாதீங்க."

"ஆனா, பேரு பதிஞ்சது இவளுக்குத்தானே?"

டாக்டர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் தையல்காரரின் பெயர்தான் இருந்தது.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்குன்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?" என்றாள் அவள். "எனக்கு உடம்புக்கு முடியலைன்னு சொன்னாத்தான் கடையை அப்படியே போட்டுட்டு ஓடி வருவீங்க."