திருத்தேலாது எண்டு ஒரு துண்டு

"தம்பி, உது செத்துப்போச்சு எண்டு ஒரு துண்டிலை எழுதித் தாரும். எனக்கு அது மட்டும் காணும்."

பிரகாஸ் நிமிர்ந்து பார்த்தான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவனுடைய மின்சாதனத் திருத்தகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும், "எப்பிடியாவது உயிர் குடுத்துவிடுங்கோ அண்ணை" என்றுதான் கெஞ்சுவார்கள். செத்துவிட்டதாக எழுதிக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

சாரமும் வெள்ளைச் சேட்டுமாக நின்ற அவருக்கு எழுபது வயதிருக்கும். கடல் காற்றில் காய்ந்த முகம். குருநகர் இன்னாசித்தம்பி என்று சொல்லிக்கொண்டார். அவர் மேசையில் வைத்தது, காலால் மிதித்து கிற்றாரின் ஒலியை விதம்விதமாக மாற்றுகிற எஃபெக்ட்ஸ் பெட்டி.

"கழட்டிப் பாக்காமல் எப்பிடி ஐயா எழுதிறது?"

"கழட்டாதையும்! கழட்டினால் உம்மைப்போலை கெட்டிக்காரர் ஏதாவது செய்து வேலைசெய்ய வைச்சுப்போடுவினம்."

"வேலைசெய்தால் நல்லதுதானே?"

"உமக்கென்ன, சொல்லுவீர். பன்ரண்டு வருசமா உதின்ரை சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. பக்கத்து வீட்டு றோஸ், கோயில் பாதரிட்டைப் போய் முறைப்பாடே வைச்சிட்டா."

பிரகாசுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் கிற்றார் வாசிக்கிற பெடியன் ஒருவன் இருக்கிறான். அவனை அடக்க ஒரு வழி கிடைத்துவிட்டதென்று பெரியவர் ஓடி வந்திருக்கிறார்.

அவனுக்குள் பழைய கோபம் ஒன்று கிளம்பியது. உயர்தரப் பரீட்சையில் அவன் முதல்முறை தவறியபோது, அப்பா அருளம்பலம் அவனுடைய கிற்றாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அச்சுவேலியிலிருந்து பண்டத்தரிப்புவரை மிதித்துப்போய், ஒரு சொந்தக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டு வந்தார். பிறகு ஒருநாள் அந்தச் சொந்தக்காரர் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவுக்கு அது முட்டுக்கொடுத்து நின்றதை அவன் தன் கண்ணாலேயே கண்டான்.

"ஐயா, குறை நினைக்கக்கூடாது. உதைத் திருத்தாட்டில் புதுசுதான் வாங்கவேணும். புதுசு என்ன விலை எண்டு தெரியுமோ?"

"தெரியாமல் என்ன! கொழும்பிலையிருந்து எடுப்பிக்க ரெண்டு கிழமை செல்லும். கறுப்பிலையும் இருக்கு, சிவப்பிலையும் இருக்கு."

பாவம் அந்தப் பெடியன், எத்தனை தரம் கேட்டு நச்சரித்திருந்தால் இந்த மனிசனுக்கே மனப்பாடமாகியிருக்கும் என்று பிரகாஸ் நினைத்துக்கொண்டான்.

"கோயில் பெருநாளுக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. அதுக்குள்ளை உந்தத் துண்டு எனக்கு வேணும்" என்றார் இன்னாசித்தம்பி.

பெருநாளில்கூட அவனை வாசிக்க விடாத அளவுக்கு வன்மமா? பிரகாஸ் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றத் திருப்புளியை எடுத்தான்.

"தம்பி, வேண்டாம் தம்பி..."

மூடி திறந்தது. உள்ளே உப்புக்காற்று நன்றாகத் தின்றிருந்தது. மின்சாரம் ஏறுகிற இடம் கழன்று கிடந்தது. வேறொரு நாளாக இருந்தால், "சரிவராது, புதுசு வாங்குங்கோ" என்று அவனே சொல்லியிருப்பான். இன்றைக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

தனக்கென்று வைத்திருந்த பழைய அம்ப்ளிஃபையர் ஒன்றைக் கழற்றி, அதிலிருந்து வேண்டிய சாமானை எடுத்தான். துருவைச் சுரண்டினான். ஈயம் வைத்தான். ஒரு மணித்தியாலம் அவன் தலையை நிமிர்த்தவில்லை. எதிரே நீள வாங்கிலில் உட்கார்ந்திருந்த இன்னாசித்தம்பி, "ஏலாட்டில் விடும் தம்பி", "களைச்சுப்போனீர், விடும்" என்று இடைக்கிடை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெட்டியில் பச்சை வெளிச்சம் எரிந்தது. பெரியவர் தலையில் கை வைத்தார்.

"எனக்குக் காசு வேண்டாம் ஐயா" என்றான் பிரகாஸ். "ஒண்டு மட்டும் செய்யுங்கோ. கடைக்கார அண்ணை விடாமல் வாசிக்கச் சொன்னவர் எண்டு உங்கடை பெடியனிட்டைச் சொல்லுங்கோ. இனி அவனை மறிக்காதேங்கோ."

"எந்தப் பெடியன்?"

"உங்கடை மகன்."

"எனக்கு எங்காலை மகன்? மூண்டும் பெட்டையள். மூண்டும் கலியாணம் கட்டிக் கனடாவிலை."

சொல்லிவிட்டு இன்னாசித்தம்பி பெருமூச்சோடு எழுந்தார். திருத்த வந்து கடைச் சுவரில் தொங்கிய கிற்றார் ஒன்றை எடுத்துப் பெட்டியோடும் மேசையிலிருந்த ஸ்பீக்கரோடும் கொழுவினார். சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலால் பெட்டியை ஒரு மிதி மிதித்தார். விரல்கள் கம்பிகளில் பாய்ந்தன. கடைக்கு வெளியே ஓட்டோக்காரர் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் திரும்பி வந்து வாசலில் நின்றுவிட்டாள். பிரகாசின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

வாசித்து முடித்த இன்னாசித்தம்பி, பச்சை வெளிச்சத்தை வெறுப்போடு பார்த்தார்.

"அருமையாத் திருத்திப்போட்டீர், தம்பி" என்றார், அழாத குறையாக. "'திருத்தேலாது எண்டு கடைக்காரன் எழுதித் தந்தால்தான் உங்களைப் புதுசு வாங்க விடுவன்' எண்டு என்ரை மனுசி யோசப்பின் சொல்லிவிட்டவ!"