இன்றைய பிழை

“‘ஜூலை 9. இன்றைய பிழை: ராஜபாளையம் நாயைப் படம் எடுத்ததில் வாலின் நுனியை வெட்டிவிட்டேன்.’ இத நீங்களா எழுதுனிய?” கைபேசியைப் பார்த்துப் படித்த சிவபாண்டி சிரித்தான்.

“ஆமா. தினம் ஒரு படம், அதுல நான் செஞ்ச ஒரு தப்பு, கடைசியில மறுநாள் வேலை. அம்புட்டுத்தான் என் பக்கம்” என்றாள் நாகஜோதி.

பகலில் அவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் கணக்கு வேலை. சாயங்காலம் புகைப்பட வகுப்பு. படத்தைப் போட்டுவிட்டு ‘எப்படி இருக்கு’ என்று கேட்கக் கூச்சம். ஊர் குறை சொல்வதற்குள் நாமே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்த பழக்கம், இன்ஸ்டாகிராமில் பிடித்துக்கொண்டது. அந்த வாலுக்காக மட்டும் நேற்று நாய் வளர்ப்பவர்கள் கூட்டமாக வந்து சண்டை போட்டார்கள். போட்டவர்களில் பாதிப் பேர் இப்போது அவளைப் பின்தொடர்கிறார்கள். பெயரையும் முகத்தையும் மட்டும் அவள் அதில் போடுவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவபாண்டியின் இந்தப் பால்கோவா கடைக்கு அவளாகத்தான் செய்தி அனுப்பியிருந்தாள். கடையைப் படம் எடுத்துத் தன் பக்கத்தில் போடுவதாகவும், முதல் தடவைக்குக் காசு வேண்டாம் என்றும். கேமராவைத் தொழிலாகப் பிடித்துக்கொள்வதா, பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதா என்பது இன்று இந்தக் கடையில் தெரிந்துவிடும் என்று அவளுக்குள் ஒரு கணக்கு.

ஸ்கூட்டியில் வருவதற்காக முகத்தைச் சுற்றிக் கட்டிய துப்பட்டாவை அவள் அவிழ்க்கவில்லை. விறகடுப்புப் புகை கண்ணைக் கரித்தது. பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போதவில்லை.

“சார், அந்த வெள்ளைத் தெர்மாகோல் அட்டைய செத்த நேரம் பிடிங்க. இன்னும் கீழ.”

“சார் எதுக்கு? அண்ணேன்னே கூப்பிடுங்க.”

“இருக்கட்டும் சார்.”

கடைக்கு முதலாளி அவன். அடுப்புச் சூட்டில் வேர்த்து வழிய, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றான். வலித்தபோது கையை மாற்றிக்கொண்டான். அப்படி எடுங்கள், இப்படி எடுங்கள் என்று ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. வேலையாள் கிண்டும் துடுப்பு மேலே வரும்போது அதிலிருந்து பால்கோவா கனமாக வழுக்கி விழுகிற கணத்துக்காக அவள் காத்திருந்து அமுக்கினாள். திரையில் பார்த்தாள். இதில் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

கல்லாவில் இருந்த அவன் அம்மா நாச்சியாருக்கு, பெண்பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கு வருகிற மருமகள் இந்தக் கல்லாவில் உட்கார்ந்தாலே போதும் என்று முடித்தாள்.

“அத வாரவ சொல்லணும்மா. நீ சொன்னா எப்பிடி?” என்றான் சிவபாண்டி, அட்டையை இறக்காமல்.

நாகஜோதி ஒரு படம் கூடுதலாக எடுத்தாள்.

“ஏலே, வந்துட்டாரு பெரிய நியாயஸ்தரு” என்று மகனை முறைத்த நாச்சியார், தன் கைபேசியை நாகஜோதியிடம் நீட்டினாள். கல்யாணத் தரகர் அனுப்பிய படம். “நாளைக்குப் போய்ப் பாக்கோம். ஆடி பொறக்கதுக்குள்ள பேசி முடிச்சிரணும். நீ படம் எடுக்கவதான, சொல்லு. இந்தப் பிள்ள நேர்லயும் இப்பிடித்தான் இருக்குமா?”

பட்டுப்புடவை, பின்னால் பனிமலை, மாவில் முக்கி எடுத்ததுபோல ஒரு முகம். நாகஜோதி நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“ஸ்டூடியோவுல ரொம்ப வெளுத்துட்டாங்கம்மா. கன்னத்துல ஒரு தழும்பு இருந்திருக்கு. தேய்ச்சு அழிச்ச தடம் தெரியுது பாருங்க. நேர்ல மாநிறத்துக்கும் ஒரு படி கூடவே கறுப்பா இருப்பா.”

நாச்சியாரின் முகம் தொங்கிப்போயிற்று.

“அதுக்கென்ன” என்றான் சிவபாண்டி. “நாங்கூட அவியளுக்கு அனுப்புன படத்துல தொந்திய உள்ள இழுத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

துப்பட்டாவுக்குள் நாகஜோதி சிரித்தாள். புறப்படும்போது அவன், மாதம் ஒரு தடவை வந்து எடுத்துத் தர முடியுமா, இனிமேல் சும்மா வேண்டாம் என்று கேட்டான். துடுப்புப் படத்தின் ஓரத்தில், பலகைமேல் கிடந்த அழுக்குத் துணியை இரண்டு பேருமே கவனிக்காமல் விட்டது அவளுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ராஜபாளையத்தில் வீட்டுக்கு வந்து, துடுப்புப் படத்தைத் தேர்ந்தெடுத்து, கடையின் பக்கத்தையும் மறக்காமல் டேக் செய்துவிட்டு எழுதினாள்:

“ஜூலை 10. இன்றைய பிழை: பலகைமேல் ஒரு அழுக்குத் துணி. இன்னொன்று: கடையில் காட்டிய பனிமலைப் படத்தில் இருப்பது நான்தான் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். நாளைய வேலை: நாலு மணிக்குப் பெண் பார்க்க வரும் கடைக்காரருக்கு, துப்பட்டாவைக் கட்டாமல் காபி கொடுக்க வேண்டும்.”